சோறு குறைந்த இலையும் மானாவாரிப் பயறும்

பால், தயிர், மோர், நெய், முட்டை, மீன், இறைச்சி எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருவர், அதனுடன் மாவுச்சத்தையும் குறைக்க வேண்டிய நிலைக்கு வந்தால், திருநெல்வேலிப் பக்கத்துச் சமையலறையில் அவருக்கு முதலில் உண்டாவது திகைப்புத்தான். மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் அறிவுரைகள் பெரும்பாலும் முட்டையையும் மீனையும் கோழியையும் பனீரையும் நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. விலங்குப் பொருள் எதுவும் சேராத வீகன் உணவைப் பரிந்துரைப்பவர்களோ, இட்லி, தோசை, இடியாப்பம், சோறு, சாம்பார் என்று நம் உணவில் பெரும்பகுதி ஏற்கெனவே வீகன்தானே என்று தேறுதல் சொல்கிறார்கள். இவர்கள் சாப்பிடச் சொல்வதையெல்லாம் அவர்கள் விலக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்தே சில ஆண்டுகளாகக் கடைப்பிடித்துவரும் எனக்கு இதில் தெளிவான ஒன்றைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். சோற்றைக் குறைப்பது பெரிய காரியமில்லை. குறைத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கே வைப்பதற்கு வேண்டிய உளுந்தும் காணம் என்று நாங்கள் சொல்லும் கொள்ளும் எள்ளும் நிலக்கடலையும் நம்முடைய மானாவாரி நிலங்களிலேயே காலங்காலமாக விளைந்துவருகின்றன.

நான் பாலை விட்டது உடல்நலம் கருதி அன்று. எங்கள் வீட்டில் மாடு இருந்தது. கன்றுக்கு எவ்வளவு விடுவது, வீட்டுக்கு எவ்வளவு கறப்பது என்ற கணக்கு தினமும் விடியலில் நடக்கும். காளைக்கன்று பிறந்தால் அது அதிக நாள் தொழுவத்தில் நிலைக்காது என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கில் என் பங்கை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று வளர்ந்தபின் தோன்றியது, நிறுத்தினேன். மாவுச்சத்துக் குறைப்பு அதற்குப் பிறகு வந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சர்க்கரை நோய் உண்டு. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எனக்கு 6.1 என்று வந்தபோது, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று மருத்துவர் விளக்கிவிட்டு, சோற்றைக் குறைத்து முட்டையும் மோரும் பனீரும் சேர்த்துக்கொள்ளும்படி சொன்னார். முதல் பாதியை அப்படியே ஏற்றுக்கொண்டேன். இரண்டாம் பாதிக்கு என் வழியில் விடை தேட வேண்டியிருந்தது.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேரும்வரை தாமிரபரணி தன் இரு கரைகளிலும் நெல்லை விளைவிக்கிறது. காரும் பிசானமுமாக இரண்டு போகம் விளையும் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குக் காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை என்பது யோசித்துச் செய்யும் தேர்வு அன்று. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அம்பை 16 ரகத்தின் குண்டரிசிச் சோறு இன்றும் எங்கள் பக்கத்து வீடுகளில் பானை பானையாக வேகிறது. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. புரதம் 7 அல்லது 8 கிராம்தான். வடித்த சோறாகக் கணக்கிட்டால் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து. மத்தியானம் ஒருவர் 300 கிராம் சோறு சாப்பிடுவது எங்கள் ஊரில் மிகச் சாதாரணம். அந்த ஒரு வேளையிலேயே 84 கிராம் ஆகிவிடுகிறது. நாற்று நட்டு, களை பறித்து, கதிரடித்த உடம்புகள் அதைச் செரித்துச் செலவழித்தன. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் என் உடம்புக்கு அந்தச் செலவு கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் நடத்திய இந்தியாப் (INDIAB) எனப்படும் நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தபோது, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவும் 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அந்த இரண்டாவது எண்ணிக்கையில் நானும் ஒருத்தி.

குறைப்பது என்றால் எவ்வளவு குறைப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வீகன் உணவில் எல்லாமே இந்த எண்ணைப் பொறுத்துத்தான் அமையும். பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே போனால் மாவுச்சத்துக் குறைந்த உணவு என்றும், 20 முதல் 50 கிராமுக்குள் நின்றால் கீட்டோ உணவு என்றும் சொல்கிறார்கள். மீனும் முட்டையும் சாப்பிடுகிறவர்கள் 50 கிராமுக்குள் நிற்பது கடினமில்லை, அவற்றில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. தாவரப் புரதம் அப்படித் தனியாக வருவதில்லை. 100 கிராம் உளுந்தம்பருப்பிலோ காணத்திலோ 22 முதல் 24 கிராம் புரதம் கிடைக்கிறது என்றால், கூடவே 55 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் வந்து சேர்கிறது. ஆகவே பயறுகளைச் சாப்பிட்டுக்கொண்டே கீட்டோவில் இருக்க முடியாது. பயறுகளையும் விலக்கிவிட்டுச் சோயா பனீர், கொட்டைகள், விதைகள், கீரைகள் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு 50 கிராமுக்குள் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த உணவு நம் மண்ணிலிருந்தும் வீட்டிலிருந்தும் ஒருவரை முழுவதுமாகப் பிரித்துவிடுகிறது. நான் 130 கிராமைத்தான் எல்லையாக வைத்துக்கொண்டேன்.

இந்த எல்லைக்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. உணவுகள் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றுகின்றன என்பதைக் குறிக்கும் கிளைசீமிக் குறியீட்டை 1981-ல் முன்வைத்த டொரண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ், 2009-ல் தன் குழுவினருடன் வேறொரு ஆய்வை வெளியிட்டார். இரத்தத்தில் கொழுப்பு மிகுந்த 47 பேரை நான்கு வாரம் இரண்டு பிரிவாக வைத்து, ஒரு பிரிவுக்கு மொத்த ஆற்றலில் 26 சதவீதம் மட்டுமே மாவுச்சத்து இருக்கும் தாவர உணவைக் கொடுத்தார்கள். புரதம் கோதுமைப் பசையம், சோயா, கொட்டைகள் ஆகியவற்றிலிருந்து வந்தது. மறு பிரிவுக்கு மாவுச்சத்து மிகுந்த, பாலும் முட்டையும் கலந்த சைவ உணவு. எடைக் குறைவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் முதல் பிரிவில் கூடுதலாக இறங்கியது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 26 சதவீதம் என்பது சரியாக 130 கிராம்தான். 2018-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்த ஓர் ஆய்வு, 15,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்து, மாவுச்சத்து மிகக் குறைந்தாலும் மிக அதிகமானாலும் இறப்பு விகிதம் கூடுகிறது என்று கண்டது. குறைத்த இடத்தை விலங்குப் புரதத்தாலும் கொழுப்பாலும் நிரப்பியவர்களிடம் அது கூடியிருந்தது, தாவர உணவால் நிரப்பியவர்களிடம் குறைந்திருந்தது. இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுதான் என்பதால் அதையே முடிந்த முடிபாக நான் கொள்ளவில்லை. ஆனால் எதைக் குறைக்கிறோம் என்பதைப் போலவே எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதும் முக்கியம் என்பதை அது அழுத்தமாகக் காட்டுகிறது.

இனி நிரப்பும் பொருள்களுக்கு வருகிறேன். ஆற்றுப்பாசனத்தை விட்டு மேற்கேயும் வடக்கேயும் போனால் வேறொரு திருநெல்வேலி இருக்கிறது. மானூர்ப் பக்கமும் சங்கரன்கோவில், குருவிகுளம் வட்டாரமும் வானம் பார்த்த பூமி. 2019-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகும் எங்கள் பேச்சில் அதுவும் திருநெல்வேலிச் சீமைதான். அங்கே புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை மாத வாக்கில் உளுந்தும் சிறுபயறும் வீட்டுக்கு வரும். எள், நிலக்கடலை, காணம், தட்டைப்பயறு, மொச்சை எல்லாம் அந்த நிலத்தின் விளைச்சல். நீர் குறைந்த நிலம், தண்ணீர் மிகுதியாகக் கேட்கும் நெல்லை விட்டுவிட்டுப் புரதமும் எண்ணெயும் தரும் பயிர்களை விளைவிக்கிறது. எனக்கு வேண்டியவையும் அவைதான். நெல் விளையும் பக்கத்தைத் தட்டில் குறைத்து, மானாவாரிப் பக்கத்தைக் கூட்டிவைப்பதுதான் என் உணவுமுறையின் சாரம். கொட்டை என்றவுடன் எல்லோரும் பாதாமை நினைக்கிறார்கள். ஒரு கிலோ பாதாமின் விலைக்குப் பல கிலோ நிலக்கடலை கிடைக்கும். 100 கிராமில் 25 கிராம் புரதமும் 16 கிராம் மாவுச்சத்தும் கொண்ட நிலக்கடலை புரதத்தில் பாதாமுக்குக் குறைந்ததன்று. வீகன் சமையலில் பாலாடைக்கும் வெண்ணெய்க்கும் பதிலாகக் கண்ட இடமெல்லாம் அரைத்துவிடப்படும் முந்திரியில்தான் மாவுச்சத்து 30 கிராம் அளவுக்கு இருக்கிறது.

என் ஒரு நாளைய கணக்கை ஒருமுறை முழுதாக எழுதிக்காட்டினால் இது விளங்கும். கடையில் மீல்மேக்கர் என்று கேட்டு வாங்கும் சோயா உருண்டை 50 கிராமில் 26 கிராம் புரதமும் 16 கிராம் மாவுச்சத்தும் இருக்கின்றன. எல்லா வேளைக்கும் சேர்த்து 100 கிராம் பயறு அல்லது பருப்பு என்றால் புரதம் 23, மாவுச்சத்து 57. நிலக்கடலை 50 கிராமில் புரதம் 12, மாவுச்சத்து 8. எள் ஒரு கைப்பிடிக்குப் புரதம் 3, மாவுச்சத்து 4 அல்லது 5. காய்களும் கீரையுமாக 400 கிராமில் புரதம் 7, மாவுச்சத்து 23 என்று வைத்துக்கொள்ளலாம். இத்தனைக்கும் மேல் 100 கிராம் சோறு சேர்த்தால், புரதம் 70 கிராமைத் தாண்டுகிறது, மாவுச்சத்து 130-ஐச் சற்றுத் தாண்டுகிறது. சோறு வேண்டாத நாளில் அது 110 அளவில் நிற்கும். மாவுச்சத்து என்று நான் எழுதியதில் நார்ச்சத்தும் அடங்கும். இரத்தத்தில் சர்க்கரையாகச் சேராத அந்த நாரைக் கழித்தால் உண்மையான அளவு இன்னும் குறைவு. ஐசிஎம்ஆர் 2020-ல் வகுத்த அளவின்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும், அதாவது 60 கிலோ எடைக்கு 50 கிராம். தாவரப் புரதம் செரிப்பதில் சற்றுக் குறைவு என்பதால் அதைத் தாண்டியே நிற்பது நல்லது.

சோற்றைக் குறைத்தபின் பலர் தோற்றுப்போவது இந்தப் புரதத்தில்தான். சோற்றை எடுத்துவிட்டு வெள்ளரிக்காயும் கேரட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மாலையில் பசி தாங்காமல் முறுக்கு டப்பாவைத்தான் திறக்க நேரும். புரதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. எள்ளில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறுகளில் அது நிறைய இருக்கிறது. பயறுகளில் குறைவான மெத்தியோனின் எள்ளில் நிறைய இருக்கிறது. எங்கள் ஊரில் உளுந்தம்பருப்புச் சோறு பொங்கினால் எள்ளுத் துவையல் கட்டாயம் அரைப்பார்கள். இரண்டும் ஒன்றின் குறையை ஒன்று தீர்ப்பதை அறிந்தபோது, ஆச்சிகளின் கைப்பழக்கத்தின்மீது எனக்கு இருந்த மதிப்பு இன்னும் கூடியது. நான் அதில் அரிசியைக் கால்பங்காக்கி, தோலோடு உடைத்த கறுப்பு உளுந்தைக் கூட்டிவிடுகிறேன். பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் வழக்கம்போல. குழைவாக வெந்து நல்லெண்ணெய் மணத்தோடு வரும் அதற்கு, கறுப்பு எள்ளை வெறும் சட்டியில் படபடவென்று பொரியும்வரை வறுத்து, மிளகாய் வற்றல், புளி, உப்பு, கொஞ்சம் தேங்காய் வைத்துக் கெட்டியாக அரைத்த துவையலை அரை எலுமிச்சை அளவுக்கு வைத்துக்கொண்டால், இரவுவரை பசி எடுப்பதில்லை.

சோயா பனீரை நான் வீட்டிலேயே செய்துகொள்கிறேன். டோஃபு என்ற பெயரில் பாளையங்கோட்டைக் கடைகளிலும் கிடைக்கிறது, ஆனால் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. சோயாவை இரவு ஊறவைத்து, காலையில் கைகளால் கசக்கித் தோலை நீரில் மிதக்கவிட்டு நீக்கி, நிறைய தண்ணீர் விட்டு மிக்ஸியில் நைசாக அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து பாலை எடுக்க வேண்டும். அதை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, அடி பிடிக்காமல் மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் அசந்தால் நுரை திரண்டு அடுப்பெல்லாம் வழிந்துவிடும். பொங்கியதும் தணலைக் குறைத்து, கால் மணி நேரத்துக்கு மேலாவது கொதிக்கவிட்டால்தான் பச்சை வாடை போகும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பகுதி அழிவதும் அந்தக் கொதியில்தான். பிறகு இறக்கிவைத்து, எலுமிச்சம்பழச் சாற்றில் தண்ணீர் கலந்து, மூன்று தவணையாக விட்டு, ஒரே ஒரு முறை மெதுவாகக் கலக்கிவிட்டு மூடிவிட வேண்டும். சற்று நேரத்தில் திரள் திரளாக வெள்ளை ஒதுங்கி, நடுவே இளமஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். தெளியாமல் பால்போலவே கலங்கி இருந்தால் இன்னும் கொஞ்சம் சாறு வேண்டும் என்று அர்த்தம். துணியில் வடித்துக் கட்டி, மேலே அம்மிக் குழவியை ஏற்றிவைத்தால் ஒரு மணி நேரத்தில் துண்டு போடும் பதத்துக்கு இறுகிவிடும். பிழிந்த சக்கையை வீணாக்க வேண்டியதில்லை. நார் மிகுந்த அதை அடை மாவில் சேர்த்துவிடலாம். கடையில் வரும் டோஃபுவைப் பெரும்பாலும் கால்சியம் உப்புகளால் உறைய வைக்கிறார்கள், அதனால் அதில் கால்சியம் கூடுதல். எலுமிச்சையில் உறைந்ததில் அந்த ஆதாயம் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, எள்ளையும் முருங்கைக்கீரையையும் விடாமல் சேர்த்துவருகிறேன்.

இந்தச் சோயா பனீருக்கு மிகப் பொருத்தமான இடம் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் பரிமாறப்படும் திருநெல்வேலிச் சொதியில் பாலோ தயிரோ கிடையாது, தேங்காய்ப்பால்தான் எல்லாம். உருளைக்கிழங்கையும் பச்சைப் பட்டாணியையும் விட்டுவிட்டு, முருங்கைக்காய், பீன்ஸ், தடியங்காய், கொஞ்சம் சிறுபருப்பு ஆகியவற்றை மூன்றாம் பாலில் வேகவைத்து, இரண்டாம் பாலையும் பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுதையும் சேர்த்து, எண்ணெய் விட்டு லேசாகப் புரட்டிய சோயா பனீரைப் போட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்கி, ஆறிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். நான் அதைக் கிண்ணத்தில் ஊற்றி இஞ்சிப் பச்சடியோடு அப்படியே சாப்பிடுகிறேன். சோறு கேட்கும் குழம்பு என்று நினைத்திருந்த ஒன்று தனியே நிறைவான உணவாக நிற்பதை இதில்தான் நன்றாகக் கண்டேன். ஆனால் தேங்காயின் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது எல்டிஎல்லை ஏற்றக்கூடியது. மாவுச்சத்தைக் குறைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் தினமும் சொதி வைப்பதற்கில்லை. வாரத்தில் ஒரு நாள் சொதி. மற்ற நாள்களில் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் போதும்.

காலை உணவுதான் பலருக்குக் கஷ்டம் என்கிறார்கள். எனக்குச் சிறுபயற்று அடைதான் கைகொடுத்தது. ஊறிய சிறுபயற்றோடு ஒரு பிடி உளுந்தும் சோயாச் சக்கையும் சேர்த்து, இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் போட்டு அரைத்து, முருங்கைக்கீரையை உருவிக் கலந்து ஊற்றினால் இரண்டு அடையில் வயிறு நிறைந்துவிடும். தொட்டுக்கொள்ள நிலக்கடலைச் சட்னி. நான்கு இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்தால் எனக்கு 170-க்கு மேல் காட்டும். இந்த அடைக்குப் பிறகு 120-ஐ ஒட்டியே இருக்கிறது. இட்லியிலும் உளுந்து இருக்கிறதே என்று கேட்பவர்கள், நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்குதான் அது என்பதைப் பார்க்க வேண்டும். காலைக் காப்பிக்குப் பால் இல்லாததை நான் குறையாக உணர்ந்ததே இல்லை. சீனி போடாத கடுங்காப்பி எங்கள் ஊருக்குப் புதியதும் அன்று.

சிறுதானியத்தைப் பற்றி இங்கே உறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். தினையும் சாமையும் குதிரைவாலியும் கேழ்வரகும் நல்ல தானியங்கள். நாரும் கனிமங்களும் அரிசியைவிடக் கூடுதல். ஆனால் அவற்றிலும் 100 கிராமுக்கு 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது. அரிசிச் சோற்றை நிறுத்திவிட்டு அதே அளவு குதிரைவாலிச் சோறு சாப்பிடுகிறவர் மாவுச்சத்தைக் குறைத்தவர் ஆகமாட்டார். கருப்பட்டியும் அப்படியே. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடில்லை என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். பதநீரும் இனிப்பு நீர்தான். நுங்கு பரவாயில்லை. பனங்கிழங்கு, மரவள்ளி, சிறுகிழங்கு, சேனை எல்லாம் சோற்றின் கணக்கிலேயே சேர வேண்டியவை. பழைய சோற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி செரிக்காத வகையாக மாறுவது உண்மை. ஆனால் அந்தச் சிறு பகுதியை நம்பி ஒரு கும்பா நிறையச் சாப்பிட இடமில்லை.

சாப்பிடும் வரிசையை மாற்றியதும் எனக்குப் பெரிதும் உதவியது. 2015-ல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஒரு சிறிய ஆய்வு, காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை ஏற்றம் நன்றாகக் குறைகிறது என்று காட்டியது. எங்கள் வீட்டில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, எனக்கு இலை போட்டுச் சீனியவரைக்காய்ப் பொரியலும் வாழைப்பூ மீல்மேக்கர்த் துவட்டலும் காணத் துவையலும் வைத்த ஆச்சி, "ஏட்டி, வெஞ்சனத்தையே சோறு மாதிரி திங்கியே, வயிறு நெறையுமாட்டி?" என்று உண்மையான கவலையோடு கேட்டாள். நிறைகிறது என்று சொன்னால் அவள் நம்பவில்லை. பிறகு அவளாகவே வெஞ்சனத்தைக் கூடுதலாக வைக்கத் தொடங்கினாள். இரண்டு காய் வைக்கிற இடத்தில் நான்கு வைத்தால், சோறு தானாகவே ஓரத்துக்குப் போய்விடுகிறது. வீட்டில் எல்லோருக்கும் அதே சமையல்தான். நெய்யும் தயிரும் வேண்டியவர்கள் தனியே விட்டுக்கொள்கிறார்கள்.

சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது. பி12 வைட்டமின் நுண்ணுயிர்களால் உண்டாவது. வீகன் உணவில் அதை நம்பத்தக்க அளவில் தரும் தாவரம் எதுவும் இல்லை. புளித்த மாவிலோ பழைய சோற்றிலோ சுருள்பாசியிலோ போதுமானது கிடைக்கும் என்று சொல்வதை நம்பி இருந்துவிடக் கூடாது. குறைந்தால் சோகையும், கை கால் மரத்துப்போவதும், மறதியும் வரும், நரம்புப் பாதிப்பு சில சமயம் மீளாமலும் போகும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தே பி12 உட்கிரகிப்பைக் குறைக்கிறது. ஆகவே வீகனாகவும் இருந்து மெட்ஃபார்மினும் எடுப்பவர்கள் மாத்திரையோ ஊசியோ தவறாமல் எடுத்து, ஆண்டுக்கொரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்துக்காகச் சாப்பாட்டோடு தேநீர் குடிப்பதைத் தவிர்த்து, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்ளலாம். ஆளிவிதைப் பொடி ஒரு தேக்கரண்டி ஒமேகா 3-க்கு உதவும்.

இவற்றைவிட அவசரமானது மருந்து விஷயம். கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருந்தின் அளவை மாற்றாமல் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கி மயங்கி விழ நேரும். டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளோடு மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால், இரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே அது வரக்கூடும் என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்பும், கர்ப்பிணிகள் இதைத் தொடங்குவதற்கு முன்பும் மருத்துவரிடம் பேச வேண்டும். என் அப்பா இதில் பாதியைப் பின்பற்ற விரும்பியபோது, முதலில் மருத்துவரிடம் போய் மாத்திரையைக் குறைத்துக்கொண்ட பிறகுதான் சோற்றில் கைவைத்தோம்.

வெளியே சாப்பிடுவது இன்னும் சிரமம்தான். ஓட்டல்களில் வீகனுக்கு ஏற்றவையெல்லாம் இட்லி, தோசை, பூரி. மாவுச்சத்துக் குறைவானவையெல்லாம் முட்டை, மீன், தயிர். இரண்டு நிபந்தனைக்கும் பொருந்துவது அநேகமாக எதுவும் இருக்காது. சாப்பாடு வாங்கிச் சோற்றைக் குறைத்துக்கொண்டு, கூட்டும் பொரியலும் கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலும் மனம் கோணாமல் வைக்கிறார்கள். பொரியலில் நெய் விட்டதுண்டா, கூட்டில் பால் சேர்த்ததுண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பயணத்தில் அவித்த கடலையும் சுண்டலும் எங்கள் பக்கத்துப் பேருந்து நிலையங்களில் எந்த நேரமும் கிடைக்கின்றன, நான் அவற்றை நம்பியே கிளம்புகிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் முதலில் அவியலில் தயிர் உண்டா என்று விசாரித்துவிடுவேன். எங்கள் பக்கத்தில் தயிர் சேர்க்காமல் மாங்காயோ புளியோ விட்டு அவியல் வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. அப்படியிருந்தால் அன்றைக்கு அதுதான் சாப்பாடு. கல்லிடைக்குறிச்சி அப்பளம் உளுந்து மாவில் இட்டது என்பதால் ஒன்றுக்குத் தடையில்லை.

தைப்பொங்கலுக்கு மட்டும் ஒழுங்கைச் சற்றுத் தளர்த்துகிறேன். அன்றைக்குச் சிறுகிழங்குப் பொரியலும் சேனையும் பனங்கிழங்கும் இல்லாமல் எங்கள் வீட்டில் இலை நிறையாது, தேங்காய்ப்பால் விட்ட பொங்கலில் ஒரு கரண்டியும் உண்டு. அந்த மத்தியானத்தில் சோற்றை அடியோடு விட்டுவிட்டுக் கிழங்கைச் சோற்றின் இடத்தில் வைத்துக்கொள்கிறேன். ராத்திரிக்குக் காணத்தை வறுத்து அவித்த ரசமும் ஒரு கிண்ணம் கீரையும் போதும்.